கண்ணுல என்னடா பார்த்தே?

நம் சரித்திர வாத்தியார் டூரிங் சார் போன தை மாதம் காலமான செய்தி உங்களில் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நம் பழைய மாணவர் சங்க மலருக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நம் செயலாளர் தம்பி ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று 1987 செட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் அதிகம் மாட்டியவன் நான்தான்.

சிக்கல் என்னவென்றால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்னொருவர் குறுக்கே வந்து நிற்கிறார். சு. தியடோர் பாஸ்கரன். சார் தன் வீட்டைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை, ஆனால் பானிபட்டில் ஆரம்பித்தாலும் வகுப்பு முடிவதற்குள் பாஸ்கரனிடம் வந்துவிடுவார். "நம்ம தாராபுரத்துல 1940ல பொறந்தவர்டா கண்ணு. தபால் இலாகாவுல அதிகாரி. அந்த வேலையையும் பார்த்துட்டு சினிமாவுக்குச் சரித்திரம் எழுதியிருக்கார்." முன் பெஞ்ச்காரர்கள் நோட்டை மூடிவிடுவார்கள். பரீட்சைக்கு வராதே!

1981ல் க்ரியா வெளியிட்ட பாஸ்கரனின் ஆங்கிலப் புத்தகம், 'தி மெசேஜ் பேரர்ஸ்', பழுப்பு உறை போட்டு சார் கைப்பைக்குள் எப்போதும் இருக்கும். சுதந்திரப் போராட்டம் என்றால் நமக்குத் தண்டி, வேதாரண்யம், உப்பு. சாருக்கு நாடக மேடை. வேலன் வேஷத்தில் பாட்டுப் பாடிவிட்டு அந்த வேஷத்தோடேயே ஜெயிலுக்குப் போன விஸ்வநாத தாஸ், காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடிய கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், சினிமாவின் பலத்தை முதலில் புரிந்துகொண்ட சத்தியமூர்த்தி, வெள்ளைக்காரன் தடை செய்த 'தியாகபூமி'. கொடுமுடி அம்மா 1935ல் ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கினார் என்றதும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். அவர் அதில் ஆண் வேஷம் கட்டினார் என்றால் இன்னும் நிமிரும்.

இனி என் கதை. மேட்னி பார்த்துவிட்டு வரும்போது ட்ரில் மாஸ்டரிடம் பிடிபட்டேன். மறுநாள் புளியமரத்தடியில் பிரேயர் முடிந்ததும் வழக்கமான பூசை. அதெல்லாம் நம்மில் யார் வாங்கவில்லை, விடுங்கள். வலித்தது மூன்றாவது பீரியட்.

சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "போனது போனே, படத்தைச் சொல்லு" என்றார். எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கதை, வசனம், வில்லன் சிரிப்பு, நடுவில் பாட்டு என்று ஏற்ற இறக்கத்தோடு பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினேன், வகுப்பே கைதட்டியது, பக்கத்து ஏ செக்ஷன் பையன்கள் ஜன்னலில் தொங்கினார்கள். எல்லாம் அடங்கியதும் சார் கேட்டார்: "இது பூரா காதுல கேட்டது. கண்ணுல என்னடா பார்த்தே?"

நான் முழித்தேன். "அந்த அம்மா அழுதாளே, வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வந்துது? கேமரா அவ பக்கத்துல இருந்துதா, தூரத்துலயா? அவ வீட்டுச் சுவத்துல என்ன இருந்துது?" ஒன்றுக்கும் பதில் இல்லை. "அப்போ ரேடியோவுல கேட்டிருக்கலாமே, காசு மிச்சம்" என்றார். அதற்கு விழுந்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பெல் அடிக்கும்வரை அங்கேயே நிற்க வைத்தார். ஒரு பதினைந்து வயசுப் பையனை அப்படி நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்று இப்போதும் தோன்றுகிறது. நல்ல வாத்தியார்தான், ஆனால் இளகிய மனசு என்று மலரில் பொய் எழுத முடியாது.

கனடா வந்த பிறகு, ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாஸ்கரனின் 'எம் தமிழர் செய்த படம்' புத்தகத்தை வாங்கி வந்து வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். சாரின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் பிடிபட்டது. நம் பேசும்படம் கம்பெனி நாடகத்திலிருந்து வந்தது. மேடைக்கு முன்னால் கேமராவை நிறுத்தினார்கள். பாட்டும் வசனமும் படத்தைச் சுமந்தன. பார்ப்பதற்கான கலையை நாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டோம். படித்தவர்கள் சினிமாவைக் கூத்து என்று ஒதுக்கினார்கள், அதனால் படங்களைப் பத்திரப்படுத்தவும் யாருக்கும் தோன்றவில்லை. 1931ல் வந்த 'காளிதாஸ்' நம் முதல் பேசும்படம், அதன் பிரதி இன்று இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் முழுசாகத் தப்பியது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதவில்லை, ஒரு தபால் அதிகாரி எழுதினார் என்பதில் சாருக்கு அப்படி ஒரு பெருமை. தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெற்றவர், அதற்குப் பிறகு, பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு இயக்குநராகப் போனார். அவருடைய சினிமாப் புத்தகம் 'தி ஐ ஆஃப் தி சர்பென்ட்' தேசிய விருதின் தங்கத் தாமரையை வாங்கிய சேதியை சார் எனக்குக் கடிதத்தில் எழுதினார். பாஸ்கரன் பறவைகளைப் பற்றியும் காடுகளைப் பற்றியும் நாட்டு நாய்களைப் பற்றியும் எழுதுவாரே, அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. புதருக்குள் குருவி தேடிப் பழகின கண் திரையில் சும்மா இருக்குமா?

2013ஆம் ஆண்டுக்கான இயல் விருது, வாழ்நாள் சாதனைக்குத் தருவது, பாஸ்கரனுக்கு. கொடுப்பது கனடா தமிழ் இலக்கியத் தோட்டம், விழா நான் குடியிருக்கும் டொராண்டோவில். விஷயத்தை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? ஊரிலிருந்து சார், போனில். "போயிட்டு வந்து சொல்லுடா" என்றார். எனக்கு அன்று ஷிப்ட், மாற்றித்தர ஆள் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி விடு. பனி விழுதா அங்கே?" என்றார். ஜூன் மாசம் ஏது பனி? விழுகிறது சார் என்று சொல்லி வைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில், கூட இருந்து சினிமாப் பாட்டுப் புத்தகங்களுக்குப் பட்டியல் போட ஒரு ஆள் வேண்டும் என்று சார் கேட்டிருந்தார். தியேட்டர் வாசலில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றவை, அவர் அலமாரி கொள்ளாமல் இருந்தன. படம் அழிந்துபோன பிறகு அதன் கதையும் நடித்தவர்கள் பெயரும் மிஞ்சியிருப்பது அந்தக் காகிதத்தில்தான். நான் டிப்ளமா முடித்து, பாஸ்போர்ட் எடுத்து, கிளம்பிவிட்டேன். வேறு யாரும் வரவில்லை. இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, வீடு இருக்கிறது, பிள்ளைகள் படித்துவிட்டார்கள். ஆனாலும் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம், சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் கட்டிய சினிமாக் கொட்டகையைப் பற்றி டவுன்பஸ்ஸில் நின்றுகொண்டே சார் சொன்னதை நான் ஏன் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கிற ஆளாக ஏன் அங்கே இல்லை என்று ஓடும்.

பள்ளிக்கு நுழைவாயில் வளைவு கட்ட சங்கம் வசூல் செய்கிறது, நானும் கொடுத்திருக்கிறேன், நம் பெயர்களைக் கல்லில் வெட்டுவார்களாம். நல்லது. அப்படியே ஒரு காரியம்: சார் வீட்டு அலமாரி இன்னும் அப்படியே இருப்பதாக அவர் மகன் சொல்கிறார், வீட்டை இடித்துக் கட்டப்போவதாகவும் சொல்கிறார். ஊரில் இருப்பவர்கள் யாராவது ஒரு வண்டி பிடித்து அந்தப் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை தரமணிக்கு, ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா? வண்டிச் செலவு என்னுடையது. வைகாசிக்குள் ஆக வேண்டும்.