மேசை செய்து பிழைத்த விமானக் கம்பெனி

போயிங் என்றால் ராட்சத விமானம்தான் நினைவுக்கு வரும். அதன் தொடக்கம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏரிக்கரை ஓரத்து ஒரு படகுக் கொட்டகை. மர வியாபாரி வில்லியம் போயிங், கடற்படை அதிகாரி வெஸ்டர்வெல்ட்டோடு சேர்ந்து செய்த முதல் விமானத்துக்கு மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய லினன் துணி. சக்கரத்துக்குப் பதில் மிதவைகள். 1916 ஜூனில் ஓட்ட வேண்டிய விமானி வரத் தாமதமாக, போயிங்கே ஏறி ஓட்டிவிட்டார்!

எனக்கு ரொம்பப் பிடித்தவர் வாங் ட்ஸு. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்த சீன இளைஞர், கம்பெனியின் முதல் விமானப் பொறியாளர். அவர் வடிவமைத்த மாடல் சி விமானத்தைத்தான் அமெரிக்கக் கடற்படை ஐம்பது வாங்கியது. கம்பெனி நிமிர்ந்தது அதில்தான். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

1918இல் முதல் உலகப் போர் முடிந்தது, ஆர்டர்களும் நின்றன. அப்புறம்? இறக்கைக்கு மரம் இழைத்த அதே தச்சர்கள் அலமாரியும் மேசையும் செய்தார்கள், தட்டையடிப் படகும் கட்டினார்கள். நஷ்டத்தை போயிங் சொந்தப் பணத்தில் தாங்கினார். பட்டறையை மூடவே இல்லை.