மணிக்குப் பின்னார்

குறுந்தொகைப் புலவர்களின் பெயர்களை நடத்தும் நாள் எனக்கு எப்போதும் அலுப்பான நாள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று பலகையில் எழுதிப்போட்டு, 'இவர்களின் இயற்பெயர் தெரியவில்லை, பாட்டில் வந்த தொடரே பெயராகிவிட்டது' என்பேன். இரண்டு மதிப்பெண் வினா. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. குப்பைக் கோழியார் என்று எழுதியதும் சிரிப்பு கிளம்பியது. 305ஆம் பாட்டு அது. குப்பையில் மேயும் கோழிகள் தாமாகச் சண்டை போட்டுத் தாமாக ஓய்வதுபோல, என் நோயும் தானாகத் தீர்ந்தால்தான் உண்டு, களைவார் யாருமில்லை என்கிறாள் தலைவி. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயா, அப்படின்னா இவன் நாளைத் தருவனார்."

ஒப்படைப்பு கேட்கும்போதெல்லாம் "நாளைக்குத் தர்றேன் ஐயா" என்பவன் அவன். வகுப்பே தட்டிச் சிரித்தது. அடக்கலாம் என்று டஸ்டரைக் கூட எடுத்துவிட்டேன். அதற்குள் இன்னொருத்தி, "நீ மட்டும் என்ன, கடைசிப்பெஞ்சுக் கிழார்" என்றாள். டஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று ஊர்ப்பெயரோடுதான் கிழார் சேரும். அந்தப் பையன் மூன்று வருடமாகக் குடியிருக்கும் ஊர் கடைசி பெஞ்சுதான். இலக்கணம் சரியாக இருந்தது.

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. வரிசையாக ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்தார்கள். அவரவர் வாயில் அடிக்கடி வரும் சொல்லிலிருந்துதான் பெயர் எடுக்க வேண்டும், உடம்பைக் கிண்டல் செய்யக் கூடாது என்று அவர்களே விதியும் போட்டார்கள். நான் சொல்லியிருந்தால் அதை அறிவுரை என்று தள்ளியிருப்பார்கள்.

ஜன்னலோரம் உட்காரும் ஒரு மாணவியிடம் வந்ததும் விளையாட்டு நின்றது. அவள் பேசியே யாரும் கேட்டதில்லை. எடுக்க ஒரு தொடர் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்ற வேண்டுமே என்று தவித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் மெதுவாக, "இவ நோட்டு ஓரத்துல எறும்பு வரைவா ஐயா, வரிசையா" என்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் எறும்புகள். "ஓரத்து எறும்பினார்!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் சிரித்தாள். நான் நடத்திய பாடங்களின் ஓரமெல்லாம் எறும்பு ஊர்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது: மணிக்குப் பின்னார். மணி அடித்த பிறகும் "ஒரே ஒரு விஷயம்" என்று நான் இழுப்பது அவ்வளவு பிரசித்தம் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் இதையே ஒரு செயல்பாடாகத் திட்டமிட்டு, குழு பிரித்து, பத்து நிமிடம் கொடுத்து நடத்தினேன். முதல் கேள்வி, "இதுக்கு மார்க் உண்டா ஐயா?" உண்டு என்றேன். ஒழுங்காக எழுதித் தந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அதைச் செய்வதில்லை.

அந்தப் பழைய வகுப்பின் உள்தேர்வில், தொடரால் பெயர் பெற்ற புலவர் ஐவரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு விடைத்தாளில் செம்புலப்பெயல்நீரார் தொடங்கி விட்ட குதிரையார் வரை ஐந்தும் சரி. ஆறாவதாக மணிக்குப் பின்னார். ஓரத்தில் ஒரு சின்ன எறும்பு. ஆறாவது பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். எறும்பை அடிக்கவில்லை.