அவர் மனத்தில் என்ன? ஜூன் 2025 நாட்குறிப்பு

13 ஜூன் 2025, வெள்ளி

இன்று காலை சிங்கப்பூரில் நாங்கள் பசியாறிக்கொண்டிருந்த நேரத்தில் இஸ்ரேலிய விமானங்கள் ஈரானைத் தாக்கத் தொடங்கிவிட்டன. நத்தான்ஸ் அணு நிலையம் தாக்கப்பட்டது. புரட்சிக் காவல் படையின் தலைவர் ஹுசைன் சலாமியும் தலைமைத் தளபதி முகம்மது பாகேரியும் கொல்லப்பட்டனர். உலகச் சந்தை அளவுகோலாகக் கொள்ளும் பிரெண்ட் கச்சா எண்ணெயின் விலை ஒரு கட்டத்தில் பீப்பாய்க்கு 78 டாலரைத் தாண்டியது. நேற்று அது 70 டாலருக்கும் கீழே இருந்தது.

புளோக்கின் கீழ் உள்ள கோப்பிக்கடையில் எங்கள் மேசைக்கு இன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு, நாங்கள் எல்லோரும் அவரைச் ‘சார்’ என்றே அழைப்போம். நெட்டன்யாகு தம் ஆட்சியைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்தப் போரைத் தொடங்கினார் என்பது அவருடைய தீர்ப்பு. நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கோரும் தீர்மானம் நேற்றுத்தான் தோற்றது, ஊழல் வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் சான்றுகளை அடுக்கினார். டாக்சி ஓட்டும் தம்பிக்கு வேறு கருத்து. அணு ஒப்பந்தத்துக்கு வர ஈரானுக்கு டிரம்ப் கொடுத்த அறுபது நாள் கெடு முடிந்து இன்று அறுபத்தோராம் நாள், ஆகவே எல்லாம் அவர் போட்ட திட்டம்தான் என்றார். ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டில் அமெரிக்காவும் ஈரானும் ஆறாவது சுற்றுப் பேச்சு நடத்துவதாக இருந்ததே என்று நான் கேட்டதற்கு, “அது கண்துடைப்பு அண்ணே” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் கப்பல்களுக்கு எரிபொருள் வழங்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கும் ஆவணமும் பார்த்தவன். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது: தலைவர்கள் பேசுவதைக் கேட்காமல், கப்பல்கள் எங்கே போகின்றன என்பதைப் பார்ப்போம். மேசையில் இதைச் சொன்னேன். யாரும் பொருட்படுத்தவில்லை.

15 ஜூன், ஞாயிறு

மஸ்கட் பேச்சு நடக்கவில்லை. மகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நாள் முழுவதும் அவர்களுடன் கழிந்தது.

17 ஜூன், செவ்வாய்

ஜி7 மாநாட்டுக்குக் கனடா போயிருந்த டிரம்ப் பாதியிலேயே கிளம்பிவிட்டார். தெஹ்ரானை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஓர் அறிவிப்பையும் எழுதினார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தை ஒரே வரியில் காலி செய்யச் சொல்லும் மனிதரின் உள்ளத்தை அளக்கக் கோப்பிக்கடை மேசையில் மூன்று பேர் இருந்தோம். நான்கு விளக்கங்கள் வந்தன. ஈரானைப் பேச்சுக்கு இழுக்கும் மிரட்டல், இஸ்ரேலின் வெற்றியில் பங்கு கேட்கும் ஆசை, தம் கட்சிக்குள்ளேயே போரை எதிர்க்கும் அணியைச் சோதித்துப் பார்ப்பது, வெறும் சினம்.

ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்று அவருடைய உளவுத்துறைத் தலைவர் துள்சி கப்பார்ட் மார்ச் மாதம் சொன்னதைச் செய்தியாளர்கள் நினைவூட்டியபோது, அவர் சொன்னதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று டிரம்ப் பதில் கூறியிருக்கிறார். சாரைப் பொறுத்தவரை இதுவே வாக்குமூலம். முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பின்னால் தேடுகிறார்கள் என்றார். அப்படியும் இருக்கலாம். ஆனால் நாங்கள் மூவரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

என் கொள்கைக்கும் இன்று ஓர் அடி விழுந்தது. வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணைக்கு அருகே ஃபிரண்ட் ஈகிள், அடலின் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதித் தீப்பிடித்தன. அடலினில் இருந்த 24 பேரையும் ஐக்கிய அமீரகக் கடலோரக் காவல் படை மீட்டது. கப்பல் செலுத்துவதில் நேர்ந்த தவறு என்கிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்தில் சில நாள்களாகவே மின்னணுக் குறுக்கீட்டால் கப்பல்களின் இருப்பிடக் குறிகள் தடுமாறுகின்றன. கடலில் மிதக்கும் கப்பல்கள் திரையில் தரைமேல் நிற்பதாகக் காட்டுகின்றன. கப்பல் பொய் சொல்லாது என்று நான் வெள்ளிக்கிழமை சொன்னதைச் சார் மறக்கவில்லை. “உங்கள் கப்பல் பாலைவனத்தில் நிற்கிறதாமே?” என்றார்.

19 ஜூன், வியாழன்

ஈரானைத் தாக்குவீர்களா என்ற கேள்விக்கு, நான் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், நான் என்ன செய்யப் போகிறேன் என்று யாருக்கும் தெரியாது என்று டிரம்ப் பதில் சொல்லியிருக்கிறார். இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் எனக்குச் சதாம் உசேனின் நினைவு வந்தது. 2003 படையெடுப்புக்கு முன் அவரிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றனவா என்று உலகமே கேட்டது, அவரோ ஐயத்துக்கு இடம் வைத்தே நடந்துகொண்டார். அமெரிக்காவை ஏமாற்றப் பார்க்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். பிடிபட்ட பின் விசாரணையில் தெரிந்தது வேறு. தம் பலவீனம் பக்கத்து வீட்டு ஈரானுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சமே அவரை அப்படி நடக்க வைத்தது. அவர் மனத்தில் இருந்த எதிரியை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சந்தையும் அப்படித் தவறியதுண்டு. 1991 ஜனவரி 17ஆம் தேதி அமெரிக்கப் படைகள் ஈராக் மீது குண்டு வீசத் தொடங்கியபோது, எண்ணெய் விலை எங்கேயோ போகப்போகிறது என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் கை ஓடவில்லை. அன்று நியூயார்க்கில் விலை ஒரே நாளில் பத்து டாலருக்கு மேல் சரிந்தது. எங்கள் மேலாளர் தொலைநகல் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பிப் பார்த்தார்.

20 ஜூன், வெள்ளி

இரண்டு வாரங்களுக்குள் முடிவெடுப்பேன் என்று டிரம்ப் வெள்ளை மாளிகைப் பேச்சாளர் வழியாக அறிவித்திருக்கிறார். அவருடைய ‘இரண்டு வாரம்’ பெரும்பாலும் காலத்தைக் கடத்தும் சொல் என்பது எல்லோரும் அறிந்தது. எண்ணெய் விலையும் இறங்கியது. எனவே அவர் தாக்க மாட்டார் என்று துணிந்து சொன்னேன். ஒரு வாரக் கோப்பிச் செலவு பந்தயம். சார் தாக்குவார் என்றார்.

22 ஜூன், ஞாயிறு

தோற்றேன். நாங்கள் விழித்தெழும் நேரத்தில் ஏழு அமெரிக்க பி-2 குண்டுவீச்சு விமானங்கள் ஃபோர்தோ, நத்தான்ஸ் அணு நிலையங்களில் பதினான்கு பெருங்குண்டுகளைப் போட்டிருந்தன. இஸ்ஃபஹான் மீது ஏவுகணைகள் பாய்ந்தன. வேறு சில பி-2 விமானங்களை எல்லோரும் பார்க்கும்படி பசிபிக் பக்கம் பறக்கவிட்டுத் திசை திருப்பினார்களாம். அப்படியானால் ‘இரண்டு வாரம்’ என்பதும் அதைப் போன்ற ஓர் ஏமாற்று விமானம்தானா, அல்லது அதைச் சொன்னபோது அவர் உண்மையிலேயே தயங்கிக்கொண்டிருந்தாரா? முதலாவதே என்று நான் எழுதினால், நடந்து முடிந்ததை வைத்து மனத்தைப் படிப்பவன் ஆவேன்.

ஈரான் நாடாளுமன்றம் ஹோர்முஸ் நீரிணையை மூட ஒப்புதல் தந்திருக்கிறது. இறுதி முடிவு தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் கையில். மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த வழியாக நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பீப்பாய் எண்ணெய் வெளியே வருகிறது. இது உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கிருந்து வரும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி ஆசியாவுக்குத்தான். ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், கடந்த ஆண்டு ஏறத்தாழ 55 மில்லியன் டன் கப்பல் எரிபொருள் விற்ற நம் துறைமுகத்துக்கும் அது தொண்டைக்குழி. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது என்பதையும், கத்தாரின் திரவ எரிவாயு ஏறத்தாழ முழுவதும் அதே நீரிணையைக் கடக்க வேண்டும் என்பதையும் மேசையில் சொன்னபோதுதான் டாக்சித் தம்பி டிரம்பின் மனத்தை விட்டுவிட்டுத் தம் வீட்டு மின்கட்டணத்தைப் பற்றிப் பேசினார்.

இன்று இரண்டு பெரிய எண்ணெய்க் கப்பல்கள் நீரிணைக்குள் நுழைந்து பாதியில் திரும்பியிருக்கின்றன. திரும்பியதை நம்புகிறேன். ஏன் திரும்பின என்பதை இந்த முறை ஊகிக்கவில்லை.

24 ஜூன், செவ்வாய்

இரவெல்லாம் தூக்கமில்லை. அக்கா மகன் தோஹாவில் வேலை செய்கிறான். நள்ளிரவுக்குச் சற்றுப் பின் கத்தார் வான்வெளியை மூடிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்து அல் உதைத் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரானிய ஏவுகணைகள். தஞ்சாவூரிலிருந்து அக்கா அழைத்து அழுதாள். இரண்டு மணி அளவில் அவனே பேசினான். “மாமா, வானத்தில் வெளிச்சம் தெரிந்தது, பெருஞ்சத்தம் கேட்டது, இப்போது அமைதி, அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்” என்றான்.

பிறகு ஒரு வேடிக்கையைக் கண்டேன். வளைகுடாவில் ஏவுகணை பறக்கிறது, எண்ணெய் விலையோ விழுகிறது. திங்கள் காலை 81 டாலர் வரை ஏறிய பிரெண்ட், இரவு முடிவில் 71 டாலர் சொச்சத்துக்கு வந்துவிட்டது. ஈரான் எண்ணெய்க் கப்பல்களையும் குழாய்களையும் தொடாமல், முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு ஒரு ராணுவத் தளத்தை மட்டும் அடித்தது. மானத்தைக் காக்க ஓர் அடி, அதற்கு மேல் போகும் எண்ணமில்லை என்று வணிகர்கள் படித்தார்கள். நான் அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு அது படிக்க வரவில்லை. காலை ஆறு மணிக்குப் போர்நிறுத்தத்தை டிரம்ப் அறிவித்தார். முன்னறிவிப்புத் தந்ததற்காக ஈரானுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை அவர் எழுதிய இன்னொரு செய்தியைச் சார் வெட்டி வைத்தாற்போல் நினைவில் வைத்திருந்தார்: எல்லோரும் எண்ணெய் விலையைக் குறைவாக வைத்திருங்கள், நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பன்னிரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்தவற்றுள் நோக்கத்துக்கு மிக அருகில் இருந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போருக்கான காரணத்தை இது சொல்லவில்லை. அதை எந்த இடத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதைச் சொல்கிறது. அமெரிக்க வாக்காளர் பெட்ரோல் நிலையத்தில் பார்க்கும் எண் அவர் கண்ணிலும் இருந்திருக்கிறது.

சார் இதை ஏற்கவில்லை. எண்ணெய்க்காரனுக்கு எல்லாம் எண்ணெயாகத் தெரிகிறது என்றார். அதில் உண்மை இருக்கிறது.

27 ஜூன், வெள்ளி

சீனா இனி ஈரானிடம் எண்ணெய் வாங்கலாம் என்று செவ்வாய்க்கிழமை டிரம்ப் எழுதியதிலிருந்து மேசையில் புதிய விளக்கங்கள் பிறந்துவிட்டன. இதெல்லாம் சீனாவுக்காக நடந்தது என்கிறார் தம்பி. பிரெண்ட் 68 டாலருக்கு அருகில் நிற்கிறது, போருக்கு முந்திய நாளைவிடவும் சற்றுக் குறைவு. ஆனால் நிலையத்தில் பெட்ரோல் விலை ஏறிய வேகத்தில் இறங்கவில்லை என்று அவருக்கு மனக்குறை. லிட்டருக்கு இவ்வளவு காசு என்று அரசு வாங்கும் வரி, கச்சா எண்ணெய் விழுந்தாலும் அப்படியே நிற்கும் என்பதை விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

டிரம்ப் ஏன் செய்தார் என்பதற்குப் புதிய பந்தயம் கட்டலாமா என்று சார் கேட்டார். யார் வந்து தீர்ப்புச் சொல்வது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழைய பந்தயத்தில் இன்னும் இரண்டு நாள் கோப்பி பாக்கி இருப்பதை நினைவூட்டினார்.