கதவைத் தட்டுகிற ஆள்

ஓஏபி என்கிற முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், எங்கள் பக்கத்து ஆயாக்களுக்குப் பணத்தைவிட போஸ்ட்மேன்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார். டீ செலவுக்கென்று அவர் கையில் வைத்த காசைச் சொல்லித் திட்டுவார்கள். அப்புறம், "ஆனா அந்த ஆளு வாசல்ல வந்து நின்னு பேரு சொல்லிக் கூப்புடுவாரு தம்பி" என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் முதியோருக்காக வேலை செய்யும் ஒரு சிறு அறக்கட்டளையில் நான் களப்பணியாளன். என் வேலையில் பெரும்பகுதி அவர்கள் சொல்லும் இந்த இரண்டாவது விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

எங்கள் பகுதியில் உடம்பில் வலு இருப்பவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், ஊரில் கூத்து வைத்தால் அதற்கும் வருவார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 சதவீதம். எங்கள் ஊர்களில் பகல் பதினோரு மணிக்குத் தெருவில் நடந்து பார்த்தவர் யாரும் இந்தக் கணக்கை நம்பமாட்டார்.

முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1962இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. மத்திய அரசு இதே காரியத்துக்கு 1995இல்தான் வந்தது, அதுவும் 75 ரூபாயுடன். பிறகு மத்தியப் பங்கு 60 முதல் 79 வயதுவரை 200, 80க்கு மேல் 500 என்று ஆகி அப்படியே பல வருடங்களாக உட்கார்ந்துவிட்டது. மீதியை மாநிலம் போடுகிறது. 2011இல் தொகை 1000 ஆனது, 2023 ஆகஸ்டில் 1200. ஆயிரத்தில் இருந்து ஆயிரத்து இருநூறுக்கு வர பன்னிரண்டு வருஷம். அதற்குள் சிலிண்டர் எங்கே போனது, பருப்பு எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் அந்தப் பணத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. மருமகளிடம் கேட்காமல் வெற்றிலை வாங்கலாம், பேரன் வந்தால் கையில் ஐம்பது ரூபாய் வைக்கலாம். "எம் பணத்துல வாங்கினது" என்று ஒரு ஆயா சொல்லும்போது குரலே வேறாக இருக்கும். வீட்டில் அவருக்குச் சோறு போடுகிற நேரம்கூட மாறும். இதை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

படிவம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. இ-சேவையில் விண்ணப்பம் போட்டால் அது விஏஓ என்கிற கிராம நிர்வாக அலுவலர், ஆர்ஐ என்கிற வருவாய் ஆய்வாளர் என்று ஏறி சமூகப் பாதுகாப்புத் திட்ட தனித் தாசில்தாரிடம் போகும். திட்டம் ஆதரவற்ற முதியோருக்கானது. அதனால் விசாரணைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "பசங்க எத்தன பேரு?" பெற்றவருக்கு அந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் தெரியாது. தலை நிமிர்ந்து, "மூணு பசங்க சார், மூணு பேரும் பெங்களூர்ல கீறாங்க, நல்லா பாத்துக்கிறாங்க" என்பார். ஒருவரும் பத்து ரூபாய் அனுப்புவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வெளி ஆள் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு வாய் வரும்? மனு தள்ளுபடி ஆகிவிடும். அதனால் விசாரணை நாளில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையாவது உடன் நிற்கச் சொல்கிறோம். அவருக்கு அந்த மானப் பிரச்சினை இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுவார்.

மணியார்டர் போய் வங்கிக் கணக்கும் கைரேகை இயந்திரமும் வந்ததில் நல்லது நிறைய. இடையில் யாரும் பிடிக்க முடியாது. ஆனால் ரேகை விழ வேண்டுமே. நாற்பது வருஷம் நாற்று நட்டு, விறகு ஒடித்து, களை பிடுங்கிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? வங்கியின் முகவராகப் பணம் கொடுக்க வரும் பிசி பெண் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைக்கச் சொல்வார். கட்டை விரல் விழவில்லை, ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை, சரி இடது கையைக் காட்டுங்கள். இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டும்போதெல்லாம் ஆயா, தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போலக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வார். கடைசியில் சுண்டு விரல் விழும். எங்கள் பையில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு உண்டு. ஆயாக்களுக்கு அது "ரேகைத் துணி".

வீட்டுக்கு ஆள் வருவது எல்லாமே நல்லதற்கு என்றும் இல்லை. சில வருடங்களுக்கு முன், தகுதி இல்லாதவர்களை நீக்கும் ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு பாட்டி மகளின் பிரசவத்துக்குத் துணையாக அவள் வீட்டில் இருந்தார். கதவு பூட்டியிருந்ததைப் பார்த்த ஊழியர், முகவரியில் இல்லை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். தொகை நின்றது. மீண்டும் வாங்க, திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் மனு, பிறகு தாலுகா அலுவலகம், பிறகு மறுபடியும் மனு. அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பட்டியலைச் சுருக்கப் போகிறவர் எப்படிக் கதவைத் தட்டுவார், மருந்து கொடுக்கப் போகிறவர் எப்படித் தட்டுவார் என்ற வித்தியாசம் வயதானவர்களுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

மருந்து என்றால், வீட்டுக்கே வந்து கொடுக்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். தொடங்கியபோது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, இதுவும் ஒரு பேனர் திட்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் பகுதியில் வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அந்தந்த ஊர்க்காரர். எந்த ஆயா எந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு, போன மாத அட்டையையும் வாங்கிப் பார்ப்பார். மாத்திரை மிச்சம் இருந்தால், "என்னா ஆயா, சாப்புடலையா?" என்று சண்டை. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வருகிறார், நோய் முற்றியவர்களுக்கு வலி குறைக்கும் சிகிச்சை தரும் நர்ஸ் வருகிறார். முன்பு இந்த இரண்டுக்கும் மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துப் போக வேண்டும், அல்லது அப்படியே கிடக்க வேண்டும். இவ்வளவு செய்யும் அந்தத் தன்னார்வலருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. அதைப் பற்றித் தனியாக எழுதலாம், கோபமாக.

2025 ஆகஸ்டு 12 அன்று தாயுமானவர் திட்டம் வந்தது. வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வண்டியில் வீட்டுக்கே வருகிறது. தராசும் இயந்திரமும் வண்டியிலேயே. எங்கள் பக்கத்தில் இதில் ஒரு சிறு வேடிக்கை: கடைக்கு நடக்க முடியாதவர்கள் சந்தோஷப்பட்டார்கள், நடக்க முடிந்தவர்களில் சிலருக்குக் கொஞ்சம் வருத்தம். ரேஷன் கடை வரிசைதான் அவர்களுக்கு ஊர்க்கதை பேசும் இடம்.

சட்டமும் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. ஆர்டிஓவிடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுத்தால் பிள்ளைகளை அழைத்து விசாரித்து மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்ல முடியும். வக்கீல் வைக்கத் தேவையில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்த பிறகு கைவிட்டால், பார்த்துக்கொள்வது என்ற நிபந்தனையோடு எழுதியிருக்கும்பட்சத்தில், பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். அதனால் தானப் பத்திரம் எழுதப் போகிறவர்களிடம் அந்த ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறோம். சேர்க்கிறவர்கள் குறைவு. "பையன் என்ன நெனப்பான்?" மனு போடுகிறவர்கள் அதைவிடக் குறைவு. 14567 என்ற முதியோர் உதவி எண்ணை ஊர் ஊராக எழுதிப் போட்டிருக்கிறோம். கூப்பிடுகிறவர்களில் சிலர் பென்ஷன் கேட்கிறார்கள், சிலர் சும்மா பேசுகிறார்கள். பிள்ளைமேல் புகார் சொல்ல எண்ணை அழுத்துகிறவர் பாதியில் வைத்துவிடுவதும் உண்டு.

இத்தனைக்கு நடுவில் எந்தத் திட்டமும் தொடாத இடம் ஒன்று, ஆஸ்பத்திரிப் படுக்கையின் பக்கம். தனியாக இருக்கும் ஒரு தாத்தா கீழே விழுந்து இடுப்பு உடைந்தால் 108 வரும், அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும், அறுவை சிகிச்சைக்குப் பணமும் கட்ட வேண்டாம். ஆனால் வார்டில் முதல் கேள்வி, "கூட யாரு இருக்கீங்க?" ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, மலம் எடுக்க, கஞ்சி ஊட்ட, ராத்திரி தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பெங்களூர் மகன் இரண்டு நாள் இருப்பான், மேஸ்திரி போன் போட்டதும் கிளம்பிவிடுவான். நாங்கள் அந்தந்த ஊரில் விருப்பமுள்ள பெண்களுக்கு நாள் கூலி கொடுத்து உடனிருக்க அனுப்புகிறோம். எங்களுக்கு நிதி தருபவர்கள் கண் ஆபரேஷனுக்குத் தருகிறார்கள், கைத்தடிக்குத் தருகிறார்கள், போர்வைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறார்கள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதற்கு அவர்கள் பட்டியலில் தலைப்பு இல்லை. இதர செலவு என்று எழுதி வைக்கிறோம். ஆடிட்டர் வருஷா வருஷம் அந்த வரியில் வட்டம் போட்டு, இது என்ன என்று கேட்கிறார்.