கால் ஊன்ற முடியாத வாத்தை வீட்டில் வைத்துத் தேற்றிய கதை

வாத்து நொண்டுகிறது என்றால் முதலில் அதை மடியில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். எங்கள் வீட்டு வாத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தொடையைத் தடவினார்கள், முட்டியை மடக்கி நீட்டினார்கள், எலும்பு முறிந்திருக்கிறது, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டணும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும், "இதுக்குப் போய் ஏன்டி கஷ்டப்படுற, மிளகு போட்டு வறுத்திரு" என்று சுருக்கமாக முடித்துவிட்டார். பாதத்தின் அடியில் மிளகளவு கறுப்பாக ஒரு பொருக்கு இருந்ததைக் கால்நடை மருத்துவர்தான் காட்டினார்.

எங்களுடையது மன்னார்குடிப் பக்கம். சம்பா அறுவடை முடிந்ததும் சிந்தின நெல்லையும் நத்தையையும் மேய வாத்துக் கூட்டங்கள் வந்து இறங்கும். அப்படி வந்த ஒரு வாத்துக்காரர் கிளம்பும்போது, "அக்கா, இது கூட்டத்தோட நடக்காது, லாரியில மிதிபட்டுச் செத்துரும், வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போன பெட்டை இது. அவர் கொடுத்தபோது கழுத்தைப் பிடித்துத்தான் நீட்டினார், பார்க்கக் கொடூரமாக இருந்தது. ஆனால் வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்குவதுதான் உண்மையில் ஆபத்து. கோழிக்குப் போல வாத்துக்குக் கால் பலமில்லை, பிசகிவிடும். நமக்கு நல்லது, இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து உடம்பை அணைத்துத் தூக்குவது.

மருந்தகத்தில் டாக்டர் முதலில் வயிற்றின் கீழ்ப்பகுதியை அழுத்திப் பார்த்தார். பெட்டை வாத்துக்கு உள்ளே முட்டை அடைத்துக்கொண்டாலும் கால் விழும், நாம் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருப்போம் என்றார். அது இல்லை. அப்புறம் கணுக்காலைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுப் பாதத்தைத் திருப்பினார். கரடுமுரடான தரையிலோ வரப்புக் கட்டையிலோ தோல் கிழிந்து, அந்த வழியாகக் கிருமி போய், உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமிதான் காரணமாம். பறவைகளுக்குச் சீழ் நம்மைப் போலத் தண்ணீராக ஒழுகாது, பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக உறைந்து உட்கார்ந்துவிடும். அதனால் பிதுக்கி எடுக்கலாம் என்று வீட்டில் யாரும் பிளேடு எடுக்காதீர்கள். அந்த இடத்தில் நரம்பும் தசைநாரும் நெருக்கமாக ஓடுகின்றன, கை தவறினால் கால் போய்விடும். மரக்கவைக்கும் மருந்து போட்டு அவரே கீறி எடுத்தார், உள்ளிருந்து மஞ்சளாக ஒரு கட்டி வந்தது.

புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கும் வலிக்கு மெலாக்சிகமும் எழுதிக் கொடுத்தார். அளவு வாத்தின் எடையைப் பொறுத்தது என்பதால் இங்கே எழுதவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மெலாக்சிகம் இல்லை, டைக்ளோஃபெனாக் தரட்டுமா என்று கேட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணமே மாட்டுக்குப் போட்ட அந்த டைக்ளோஃபெனாக்தான் என்று தெரிந்து, 2006இல் கால்நடைகளுக்குக் கொடுப்பதையே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். வலி மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து நம் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழக்கம் வாத்து விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை முழுக்கத் தரை, தண்ணீர், தீனி இந்த மூன்றைச் சுற்றித்தான்.

தரைதான் பெரிய தலைவலி. சிமெண்ட் தரையில் உட்கார வைத்தால் பாதம் ஆறவே ஆறாது, போதாததற்கு எந்நேரமும் நெஞ்சை ஊன்றிக் கிடப்பதால் நெஞ்செலும்பு மேலே இறகு உதிர்ந்து அங்கேயும் புண் வரும். வைக்கோல் போட்டேன், அது ஈரமானால் மறுநாளே பூஞ்சணம் வாடை அடிக்கிறது. அந்தப் பூஞ்சணத்தை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் நோய் வரும், வாத்துக்கு அது சீக்கிரம் பிடிக்கும். கடைசியில் சரிப்பட்டது ஒரு ரப்பர் பாய், அதன் மேல் நாலாக மடித்த பழைய பருத்திப் புடவை. காலையும் மாலையும் மாற்றித் துவைக்க வேண்டும். வாத்து எவ்வளவு எச்சம் போடும் என்று வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதிலும் நடக்காத வாத்து போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். வால் அடியில் எச்சம் காய்ந்து ஒட்டினால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். நம் வெயிலுக்கு ஒரு நாள் அசட்டையாக இருந்தாலே போதும். தினம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்தேன்.

தண்ணீரில் இரண்டு வேலை. ஒன்று, காலை ஊற வைப்பது: பேசினில் கணுக்கால் முழுகும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு ஒரு கைப்பிடி, கால் மணி நேரம். அந்தத் தண்ணீரை அது குடித்தால் கழிச்சல் பிடிக்கும், குடிக்காத வாத்தும் கிடையாது, அதனால் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் நன்றாகத் துடைத்து, பொவிடோன் அயோடின் தடவி, பஞ்சு வைத்து, விரல் சவ்வு நெரியாமல் கட்டு. கட்டு நனையாமல் இருக்க ஒரு பால் பாக்கெட்டை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அலகால் பிய்த்தெறிந்துவிடும், மறுபடி மாட்டுவேன்.

இரண்டாவது நீச்சல். புண் மூடிய பிறகு டாக்டர் சொல்லித்தான் ஆரம்பித்தேன். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் பாதத்தில் பாரம் இல்லாமல் காலுக்கு வேலை கிடைக்கிறது, வேறு எந்த வித்தையும் இதற்கு ஈடு இல்லை. துணியில் ஓட்டை போட்டுக் காலைத் தொங்கவிடும் தூளி ஒன்றும் கட்டிப் பார்த்தேன், அதில் வாத்து ஊரைக் கூட்டியது, அவிழ்த்துவிட்டேன். தொட்டியில் விடும்போது ஒரு எச்சரிக்கை. வாத்து, வால் தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கம் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும், அதனால்தான் நனையாமல் மிதக்கிறது. நோயில் கிடந்தது கோதுவதை விட்டிருக்கும், இறகு ஊறிக் கனத்துத் தண்ணீரில் அமிழ ஆரம்பிக்கும். முதலில் கொஞ்ச நேரம் மட்டும், பக்கத்திலேயே நின்று, எடுத்ததும் துண்டால் ஒற்றி வெயிலில் விட்டேன். போகப் போகத் தானே கோதிக்கொள்ள ஆரம்பித்தது.

தீனி பற்றி. சோறு மட்டும் போடாதீர்கள். ஊற வைத்த நெல், தவிடு, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, கிடைத்தால் நத்தை, முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூள். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தீனியில் கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், கால் இன்னும் தளரும். கடலைப் புண்ணாக்கு நல்லதுதான், ஆனால் அதில் பூசணம் பிடித்து வரும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் கோழி கொஞ்சம் தாங்கும், வாத்து தாங்காது. வாடை சந்தேகமாக இருந்தால் எருக்குழிதான். தீனித் தட்டும் தண்ணீரும் கழுத்து எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் மூக்குத் துளை முழுகும் ஆழமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கும் கண்ணும் அடைத்துக்கொள்ளும்.

நொண்டுவது குஞ்சாக இருந்தால் கதை வேறு. புண் எதுவும் இல்லாமல், கணுக்கால் வீங்கி, கால் வளைந்து, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் பெரும்பாலும் நியாசின் என்ற பி வைட்டமின் சத்துக் குறைவு. வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும், கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 போதும். கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் போட்டு வளர்க்கிற வாத்துக்குஞ்சுகள் கால் விழுவது இதனால்தான். எலும்பு வளைந்து இறுகும் முன் கொடுத்தால் திரும்பும், தள்ளிப் போட்டால் திரும்பாது. உடனே காட்டுங்கள்.

எங்களுடையது சில வாரத்தில் ஊன்றி நடக்க ஆரம்பித்தது. முழுசாகச் சரியாகவில்லை, அந்தக் கணுக்கால் இன்னும் தடிப்பாகத்தான் இருக்கிறது, மழை ஈரத்தில் சற்று இழுத்து நடக்கும். வாரம் ஒரு தரம் உள்ளங்காலைப் பார்த்துவிடுகிறேன். மருந்து ஓடிக்கொண்டிருந்தபோதே இரண்டொரு முட்டை போட்டது. ஆன்டிபயாடிக் முட்டையில் இறங்கும் என்பதால் டாக்டர் சொன்ன கெடு முடியும் வரை எல்லாவற்றையும் புதைத்துவிட்டோம், பெரியம்மாவுக்கு அது தாங்கவே இல்லை. இப்போது துணைக்கு ஒரு பெட்டை தேடுகிறேன். ஆண் வாத்து வேண்டாம், மேலே ஏறி மிதித்தால் அந்தக் கால் மறுபடி போய்விடும்.