தூணைத் தட்டிப் பார்த்த கதை

என் பாய்மரப் படகுக்கு வயது 40. உள்ளறையின் நடுவே நிற்கும் தூணை இத்தனை நாளும் ஓர் அலங்காரமாகவே நினைத்திருந்தேன். சாய்ந்துகொள்ள வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கழிவறைக் கதவுதான் கண்ணைத் திறந்தது. கரையில் ஒழுங்காகச் சாத்தும் கதவு, பாய் விரித்து ஓடும்போது மட்டும் இறுகிக்கொண்டது. மேல்தளத்தில் நேர்கோலை வைத்துப் பார்த்தால், பாய்மரத்தின் காலடியில் ஒரு பள்ளம்! மேல்தளத்தின்மீது பாய்மரம் நிற்கும் படகு இது. பாய்மரத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் இழுவிசை முழுவதும் அதைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைப் படகின் அடிப்பகுதிக்குக் கடத்துவது அந்த 'அலங்காரத் தூண்'. அதன் அடியிலிருந்த மரக்கட்டை தேங்கிய நீரில் ஊறி மக்கியிருந்தது. திருப்புளி பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கியது.

பிறகு பிளாஸ்டிக் தலைச் சுத்தியலோடு, படகின் உள்ளே குறுக்கே நிற்கும் ஒட்டுப்பலகைத் தடுப்புகளான குறுக்குச் சுவர்களைத் தட்டினேன். நல்ல ஒட்டுப்பலகை கணீரென்று பதில் சொல்லும். மக்கியது 'பொத்' என்று முனகும். பக்கக் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பட்டைகள் பொருந்திய இடத்தில்தான் முனகல் அதிகம். அவை மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் வழியே நீர் கசிந்திருக்கிறது. வார்னிஷ் மட்டும் பளபளவென்று இருந்தது, அயோக்கியத்தனமாக.

கம்பிகளைத் தளர்த்தி, ஜாக்கி கொடுத்து மேல்தளத்தை மெதுவாக உயர்த்தி, எபாக்சி என்ற பிசின் பூசிய புதுக் கட்டையை வைத்தாயிற்று. நீர் தேங்காமல் ஓட அருகில் ஒரு வடிகால் துளையும் போட்டேன். அடுத்து குறுக்குச் சுவர். முதுகு சம்மதித்தால் நாளை.