செசியை அச்சுக்குக் கீழால் கொண்டுபோகலாமா?

தம்பி தன் பழைய பிக்கப்பை அண்டர்ஸ்லங் முறையில் இறக்கப் போறானாம். செசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், அச்சுக்கு மேலால் இல்லாமல் கீழால் போகும். நேற்றுப் பின்னேரம் கொட்டாஞ்சேனை கராஜில் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் கதைச்சோம்.

வடிவு எண்டால் வடிவுதான். ஸ்பிரிங்கை வெட்டாமலே வண்டி நிலத்தோடு பதிஞ்சு நிற்கும், பாரம் கீழே வாறதால் வளைவில் சாய்வும் குறையும். 1914க்கு முதலே அமெரிக்காவில் 'அமெரிக்கன் அண்டர்ஸ்லங்' கார் இப்படித்தான் வந்தது. ஆனால் அதுக்கு 40 அங்குலச் சில்லு, அச்சு நல்ல உயரத்தில் நிற்கும். எங்கட பிக்கப்புக்கு 14 அங்குல றிம்.

டேப் பிடிச்சு அளந்தேன். பின் அச்சுக் குழாயின் அடியிலிருந்து நிலத்துக்கு 10 அங்குலம். செசிக்கு 4 போகுது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது அச்சு செசியில் அடிக்காமல் இருக்க இன்னும் 3 வேணும். மிச்சம் 3தான். ரயர் காற்றுப் போனால் அச்சு 4 அங்குலத்துக்கு மேல் இறங்கும். செசி தார் றோட்டில் உரசும், பிறகு ஸ்டியரிங்கை நம்ப ஏலாது. மழை வெள்ளம், வேகத்தடை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

செசியை அச்சுக்கு மேலேயே விட்டு, அச்சு மேலே ஏற இடம் வர அதன் அடியைப் பிறைபோல வெட்டி, தடிச்ச தகடு வச்சு வெல்டிங் பண்ணச் சொன்னேன். அண்டர்ஸ்லங்கை விட உயரமாத்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப அளக்க வாறான்.